உண்குச்சியும் வாழையிலையும்

உண்ணும் முறையில் அறம் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. பசித்தவனுக்கு உணவு கிடைத்தால் போதாதா? அதனைக் கையால் எடுத்தால் என்ன, கரண்டியால் எடுத்தால் என்ன, இரண்டு குச்சிகளால் எடுத்தால் என்ன? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா நியாயமானதாகவே தோன்றும். ஆயினும், ஒரு மனிதன் மற்றொருவனோடு அமர்ந்து உண்ணத் தொடங்கியதும் உணவு வெறும் உணவாக இருப்பதில்லை, அது உறவாகிவிடுகிறது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியதன் கருத்தும் இதுவே. ஆகவே, பிறர் உண்ணும் முறையை ஒருவன் கற்றுக்கொள்வது வெறும் கைத்திறனா, பண்பா, அன்றித் தன் மரபை விட்டுக்கொடுக்கும் பலவீனமா என்னும் வினா ஆராயத்தக்கதே ஆகும்.

இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்குச் சிங்கப்பூரின் தோ பாயோவை விடப் பொருத்தமான இடம் அரிது. ‘தோ’ என்பது ஹொக்கியென் சீனத்தில் ‘பெரிய’ என்று பொருள்படும். ‘பாயோ’ என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. பெரிய சதுப்பு நிலம் என்னும் பொருளுடைய அவ்வூர்ப்பெயரே இரு மொழிகளின் கூட்டுறவால் பிறந்ததாகும். 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அந்நிலத்தில் அடுக்குமாடி வீடுகளை எழுப்பத் தொடங்கியது. கம்பங்களில் தத்தம் இனத்தாரோடு வாழ்ந்து பழகிய பலர் அங்கே அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னே குடியேறினர். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, எந்த அடுக்குமாடியும் ஓரினத்தார்க்கே உரியதாகிவிடாதபடி வரம்பு விதித்தது. 1898இல் தோற்றுவிக்கப்பட்ட ஷுவாங் லின் பௌத்த மடாலயமும் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயிலும் இன்று அந்த ஒரே வட்டாரத்தில் நின்று அருள் வழங்குகின்றன.

இந்த அண்மை எங்கே கண்கூடாகத் தெரிகிறது? உணவங்காடி நிலையத்தின் மேசையில்தான். ஒருவர் கிண்ணத்து மீயை உண்குச்சியால் எடுக்கிறார். ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறார். மற்றொருவர் தோசையைப் பிட்டுச் சாம்பாரில் தோய்க்கிறார். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபொழுது இவ்வாறு கூடி உண்ணும் வாழ்வையே அது போற்றியது எனலாம். ஆனால் ஒரு மேசையில் அமர்வது வேறு. ஒருவரையொருவர் அறிவது வேறு. பல்லாண்டுகள் எதிரெதிரே அமர்ந்து உண்டும், எதிரில் இருப்பவரின் கை எவ்வாறு இயங்குகிறது என்று ஒரு முறையேனும் நோக்காதவர் பலர்.

அம்மேசையில் தமிழ் இளைஞன் ஒருவன் சீன நண்பர்களோடு அமர்ந்து, ‘சாப்ஸ்டிக்’ என்று யாவரும் வழங்கும் உண்குச்சியை முதன்முதலாகக் கையில் எடுக்கிறான் எனக் கொள்க. கீழ்க்குச்சி கட்டைவிரலின் அடிக்கவட்டில் பொருந்தி, மோதிரவிரலின் மேல் படிந்து அசையாமல் நிற்க வேண்டும். மேற்குச்சியை எழுதுகோலைப் பிடிப்பதுபோல் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றும் பற்றி அசைக்க வேண்டும். இரண்டும் அசைந்தால் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டுவிடும். இரண்டும் அசையாவிடில் ஒன்றையும் எடுக்க இயலாது. சொல்லும்பொழுது எளிதாய்த் தோன்றும் இவ்விதி விரலுக்கு வந்து சேரச் சில நாள்கள் ஆகும். மீன் உருண்டை வழுக்கி ஓடும். மீ பாதி வழியில் கிண்ணத்திற்கே திரும்பும். குழம்பு சட்டையில் தெறிக்கும். பக்கத்து மேசைச் சிறுவன் கண்டு சிரிப்பான். ஐந்து வயதுக் குழந்தை இயல்பாகச் செய்வதை இருபது வயது இளைஞன் செய்ய மாட்டாமல் விழிக்கிறான்.

அந்த விழிப்பில்தான் முதற் பயன் இருக்கிறது. வளர்ந்த மனிதன் மீண்டும் மாணவனாகும் வாய்ப்பு வாழ்வில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. தன் வீட்டில், தன் மொழியில், தன் தொழிலில் அவன் தேர்ந்தவன். பிறர் முன்னிலையில் தடுமாறுவதற்கு ஒப்புக்கொள்பவனே புதியதொன்றைக் கற்க முடியும். எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். முதல் வகுப்பில் ‘ழ’கரத்தை ஒலிக்க முயன்று தோற்கும் குழந்தையின் நாவும், எழுதுகோலை இறுகப் பற்றி வியர்க்கும் அதன் விரலும் படும் பாட்டை மறந்துவிட்ட ஆசிரியர், ஒரு மாதம் உண்குச்சியோடு போராடிப் பார்ப்பாராயின், மாணவர்பால் அவருக்குள்ள பொறுமை பெருகும்.

எனினும் இதனைப் பண்பு என்று அழைப்பது எவ்வாறு? பல இனத்தார் வாழும் நாட்டில் ‘சகிப்புத்தன்மை’ என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. சகித்தல் நல்லதே, சகியாமையின் விளைவு கொடியது. ஆனால் சகிப்பவன் பிறரிடமிருந்து எதனையும் பெறுவதில்லை. ‘நீ உன் வழியில் செல், யான் என் வழியில் செல்கிறேன்’ என்று அவன் ஒதுங்கி நிற்கிறான். கற்பவனோ ஓர் அடி முன்னே வைக்கிறான். ‘உன்னிடம் யான் பெறத்தக்கது ஒன்று உண்டு, அதனை எனக்குக் காட்டு’ என்று கேட்கிறான். சகிப்பு அயலானுக்கு இடம் தருகிறது. கற்றல் அவனுக்கு ஆசிரியன் என்னும் மதிப்பைத் தருகிறது. சங்க நூலாகிய கலித்தொகை, பண்பு என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, பிறருடைய முறைமையை அறிந்து நடப்பதே அது என்று காட்டுகிறது. அறிதல் முன்னே நிற்க, நடத்தல் பின்னே வருகிறது. அறியாமல் ஒதுங்கி நிற்பதை அந்நூல் பண்பு எனக் கூறவில்லை.

‘கரண்டியும் முள்கரண்டியும் இருக்கின்றனவே, யாவர்க்கும் பொதுவான கருவி இருக்கும்பொழுது ஒருவர் கருவியை மற்றவர் ஏன் கற்க வேண்டும்?’ என்று வினவலாம். பொதுக் கருவியின் பயன் பெரிது. ஆங்கிலம் அத்தகைய பொதுக் கருவியாகவே சிங்கப்பூரில் பயன்படுகிறது. ஆயினும் பொதுக் கருவியால் மட்டும் சந்திப்போர், பொது மண்டபத்தில் சந்திப்போரைப் போன்றவர். எவரும் எவருடைய வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. சீன மொழியில் நான்கு சொற்களைத் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழருக்கும், தமிழில் ‘வணக்கம், நலமா?’ என்று வினவும் சீனருக்கும் கிடைக்கும் மலர்ந்த முகம், பிழையற்ற ஆங்கிலம் பேசுவோர்க்கு எப்பொழுதும் கிடைப்பதில்லை. அந்த மலர்ச்சி பேசியவரின் புலமைக்காக வந்ததன்று. அவர் எடுத்துக்கொண்ட முயற்சிக்காக வந்தது.

இனி, இக்கருத்துக்கு எதிரான வலிய தடை ஒன்று உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளுள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் சீனர், 13.5 விழுக்காட்டினர் மலாய்க்காரர். 9 விழுக்காட்டினர் இந்தியர். பெருந்தொகையினர் சிறுதொகையினரின் வழக்கத்தைக் கல்லாமலே வாழ்நாளைக் கழித்துவிட இயலும். சிறுதொகையினர்க்கு அவ்வசதி இல்லை. ‘அவ்வாறாயின், உண்குச்சியைக் கற்பது அன்பின் செயலா, எண்ணிக்கைக்குப் பணிந்த செயலா? கற்கும் சுமை என்றும் சிறியவன் தோளில்தான் ஏற வேண்டுமா?’ என்று ஒரு தமிழ் மாணவன் கேட்பானாயின், அவனை அதட்டி அமர்த்துவது ஆசிரியர்க்கு அழகன்று.

அவனுக்குக் கூறத்தக்க விடை இதுவே: கற்றல் ஒன்றாயினும், அதனைத் தூண்டும் மனம் இரு வகைப்படும். ஒன்று வெட்கம், மற்றொன்று விருப்பம். பள்ளி உணவகத்தில் கையால் உண்ணும் மாணவனைக் கண்டு ஒருவன் முகம் சுளிக்கிறான். ‘தூய்மை இல்லை’ என்கிறான். சுளித்த முகத்துக்கு அஞ்சி அம்மாணவன் மறுநாள் கரண்டியையோ உண்குச்சியையோ நாடுவானாயின், அவன் ஒன்றைக் கற்கவில்லை, ஒன்றை மறைக்கிறான். மாறாக, தன் நண்பனின் பாட்டி பரிமாறும் கிண்ணத்தை அவர் மகிழும் முறையில் உண்ண வேண்டும் என்று அவன் விரும்பிக் குச்சியை எடுப்பானாயின், அவன் எதனையும் இழக்கவில்லை. வெளியே நின்று நோக்குவோர்க்கு இரு செயல்களும் ஒன்றாகவே தோன்றும். வேறுபாட்டை அறிய ஓர் உரைகல் உண்டு. உண்குச்சியைக் கற்ற அக்கை, மறுநாள் அதே மேசையில், அதே நண்பர்கள் முன்னிலையில், சோற்றைப் பிசைந்து உண்ணக் கூசுகிறதா, இல்லையா? கூசுமாயின் கற்றது அடிமைத்தனம். கூசாதாயின் கற்றது பண்பு.

கூசுவதற்குக் காரணம் ஏதுமில்லை என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அன்யாங் நகரின் அருகே, ஷாங் அரசமரபின் தலைநகர் இருந்த இடத்தில் கிடைத்த வெண்கலக் குச்சிகள் ஏறத்தாழ 3200 ஆண்டுகள் பழமை வாய்ந்தவை. ஆயின் அத்தகைய குச்சிகள் தொடக்கத்தில் சமையலுக்கே மிகுதியும் பயன்பட்டன என்று ஆய்வாளர் கருதுவர். ‘லி ஜி’ என்னும் பண்டைச் சீன ஒழுக்கநூல், பிறரோடு கூடி உண்ணும்பொழுது சோற்றை உருண்டையாகத் திரட்டலாகாது என்றும், தானியச் சோற்றை எடுக்கக் குச்சியைப் பயன்படுத்தலாகாது என்றும் விதிக்கிறது. இதனால் அக்காலத்துச் சீனர் சோற்றைக் கையால் உண்டனர் என்பது புலப்படுகிறது. மேல்நாட்டிலும் நிலைமை வேறன்று. தாமஸ் கோரியட் என்னும் ஆங்கிலப் பயணி, இத்தாலியர் முள்கரண்டியால் உண்பதைத் தம் 1611ஆம் ஆண்டு நூலில் வியந்து எழுதினார். அவ்வழக்கத்தைத் தாமும் மேற்கொண்டு, தம் நாட்டாரின் நகைப்புக்கு ஆளானார். அவரே பின்னர் இந்தியாவுக்கு வந்து 1617இல் சூரத்தில் உயிர்நீத்தார். கையால் உண்பது ஒரு காலத்தில் உலகப் பொதுவழக்கு. கருவிகள் பின்னர் வந்தவை. முன்னையது இழிவுமன்று, பின்னையது உயர்வுமன்று.

தமிழரும் சீனரும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றதும் புதுமையன்று. சீனாவின் ஃபூஜியன் மாநிலத்துச் சுவான்ஜோ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அங்கே சிவன் கோயில் எழுந்ததை அது குறிக்கிறது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. தோ பாயோவுக்குத் ‘தோ’ என்னும் சொல்லைத் தந்த ஹொக்கியென் மக்களின் முன்னோர் வாழ்ந்த மாநிலமும் அதுவே. இன்று தோ பாயோவில் அவர்கள் தமிழரின் அண்டை வீட்டார். அன்று அவர்கள் மண்ணில் தமிழர் விருந்தினர். மறுபுறம், சீனத் தளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகிறது. பேரரசின் படைத்தலைவனே பிறர் மொழியில், பிறர் வணங்கும் பெயரைக் கூறி அணுகினான் எனில், கற்கும் கடமை சிறியவனுக்கு மட்டும் உரியதன்று என்பது பெறப்படும்.

சிங்கப்பூரிலும் அக்கடமையை மறுபக்கத்தார் மேற்கொண்டதற்குச் சான்று உண்டு. 1949ஆம் ஆண்டு வாக்கில் எம். ஜே. கோமஸ் என்னும் கேரளத்தவர், மீன்தலையைச் சுவைக்கும் சீனரின் விருப்பத்தை உணர்ந்து, அதனைத் தென்னிந்தியக் குழம்பில் சமைத்தளித்தார் என்பர். இன்று ரேஸ்கோர்ஸ் சாலை உணவகங்களில் சீனக் குடும்பத்தினர் வாழையிலை முன் அமர்ந்து அம்மீன்தலைக் கறியை உண்கின்றனர். அவருள் கையால் பிசைந்து உண்ண முயல்வோரும் உளர். விரல்நுனி தாண்டாமல் சோற்றைக் குழம்போடு பிசைந்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் முறை அவர்க்கு எளிதில் கைவருவதில்லை. குழம்பு மணிக்கட்டுவரை வழிகிறது. அவ்வேளையில் சிரியாமல், ‘நான்கு விரலையும் குவித்துப் பிடியுங்கள்’ என்று இன்முகத்தோடு சொல்லிக்கொடுக்க யாரால் இயலும்? உண்குச்சியோடு ஒரு காலம் தடுமாறிய தமிழரால் இயலும். கற்றவனே கற்பிக்கும் உரிமையையும் பெறுகிறான். முதலில் கற்பவர் யார் என்று இருவரும் காத்திருந்தால் இருவருமே கற்கப்போவதில்லை. முதலில் கற்பவன் தோற்றவன் அல்லன். அழைக்கும் தகுதியை முதலில் அடைந்தவன்.

கற்றலுக்கு எல்லை உண்டா எனில், உண்டு. உண்குச்சியைக் கற்பவன் அது எடுக்கும் அனைத்தையும் உண்ண வேண்டும் என்பதில்லை. மரக்கறி உண்பவரும், மாட்டிறைச்சியை விலக்கியவரும், ஹலால் நெறி பேணும் இசுலாமியரும் தத்தம் நோன்பைக் காத்துக்கொண்டே அண்டை வீட்டாரின் முறைமையை அறியலாம். உணவங்காடி நிலையங்களில் ஹலால் உணவுக்குரிய தட்டுகளைத் தனியே திருப்பி வைக்க இடம் ஒதுக்கியிருப்பது பிரிவினையன்று. பிறர் நோன்பின்பால் காட்டும் மதிப்பாகும். ‘எங்களோடு சேர்ந்தவனாயின் இதனையும் உண்’ என்று வற்புறுத்துவோர் நட்பைச் சோதிக்கவில்லை, அதனைச் சிதைக்கின்றனர்.

கருவியைக் கற்பவன் அதன் ஒழுக்கத்தையும் கற்க வேண்டும். உண்குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைத்தலாகாது. அது இறந்தோர்க்கு ஏற்றும் ஊதுவத்தியை ஒத்திருக்கும். குச்சியால் ஒருவரைச் சுட்டுதலும், கிண்ணத்தைத் தட்டுதலும் தகாதன. தமிழ் மரபிலும் இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் அமைய வேண்டும். மங்கல விருந்தின் முடிவில் இலையைத் தம்மை நோக்கி மடிக்க வேண்டும். துக்க வீட்டில் மடிக்கும் முறை வேறு. இரு மரபினரும் சாவின் சாயலை விருந்திலிருந்து விலக்கியே வைத்துள்ளனர். இரண்டையும் அறிந்தவர்க்கே இவ்வொற்றுமை தெரியவரும். தன் மரபை மட்டும் அறிந்தவன் அதன் தனிச்சிறப்பைக் காண்பான். பிறர் மரபையும் அறிந்தவன், இரண்டுக்கும் அடியிலுள்ள மனித உள்ளத்தைக் காண்பான்.

இக்கற்றல் விழாநாளோடு முடிவதாயின் பயன் சிறிதே. சீனப் புத்தாண்டுக் காலத்தில், தோ பாயோ உட்பட எல்லா வட்டாரங்களிலும் பல இனத்தாரும் கூடி நின்று ‘யூ ஷெங்’ என்னும் கலவையை உண்குச்சிகளால் உயரத் தூக்கி வாழ்த்தொலி எழுப்புகின்றனர். அதன் இன்றைய வடிவத்தை 1964இல் லாய் வா உணவகத்தில் நான்கு சமையற்கலைஞர்கள் அறிமுகப்படுத்தினர் என்பர். அதே 1964ஆம் ஆண்டில், சூலை 21ஆம் நாள், இதே தீவில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. ஒரே ஆண்டு இரண்டையும் தந்தது: கூடி உயர்த்தும் குச்சியும், ஓங்கி அடிக்கும் கழியும். 1997 முதல் அந்த சூலை 21ஆம் நாளைப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. மாணவர் பிற இனத்தாரின் உடைகளை அணிந்து மகிழ்கின்றனர். அது வேண்டுவதே. ஆனால் உடையை மாலையில் களைந்துவிடலாம். கைக்குப் பழகியதைக் களைய இயலாது. ஒருநாள் ஆரவாரத்தில் உண்குச்சியைத் தூக்கி ஆட்டுவதற்கு எவருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் அண்டை வீட்டாரோடு அமர்ந்து உண்பதற்கே அது வேண்டும்.

தமிழர் எங்கும் சிறுதொகையினராகவே இருப்பதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. தமிழகத்தில் அவர்களே பெருந்தொகையினர். பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அங்கே உழைக்க வருவோர், தோ பாயோவில் தமிழர் நிற்கும் இடத்தில் நிற்கின்றனர். ரொட்டி உண்டு பழகிய அவர்களின் பசியையும் நாவையும் அறிய எத்தனை தமிழர் முயல்கின்றனர்? சிங்கப்பூரில் சீனரிடம் எதிர்பார்ப்பதைச் சென்னையில் செய்யத் தவறுவோர் நீதி கேட்கும் தகுதியை இழக்கின்றனர்.

சிங்கப்பூர்த் தமிழர் நெஞ்சோடு கலந்துவிட்ட ‘தேக்கா’ என்னும் பெயர்கூட, மூங்கிற் புதரின் அடி என்னும் பொருளுடைய ஹொக்கியென் வழக்கிலிருந்து வந்ததாகும். வெற்றிலையும் மல்லிகையும் வாழையிலையும் விற்கும் அவ்விடத்தை அச்சீனப் பெயரால் அழைப்பதால் எந்தத் தமிழரும் தம் தமிழ்மையில் குறைந்துவிடவில்லை. அம்மூங்கிலிலிருந்து செதுக்கிய இரு குச்சிகளை விரும்பிக் கையில் எடுப்பதாலும் குறையப்போவதில்லை. கீழ்க்குச்சி அசையாமல் நிற்க, மேற்குச்சி அசைந்து தேடினால்தான் உணவு வாய்க்கு வரும். தன் மொழியிலும் மரபிலும் ஊன்றி நிற்பவன் அச்சமின்றிப் பிறரிடம் சென்று கற்கலாம். அவ்வாறு ஊன்ற வைப்பது தமிழாசிரியரின் பணி. சென்று கற்பது மாணவரின் பணி.